துருத்தி மிதித்தவர்களும் மைக் செட்காரர்களும்

1837 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் ஆராதனை முடிந்துவிட்டது, ஆனால் கூட்டம் கலையவில்லை. காரணம், மேலே ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மெண்டல்சன். பாக் எழுதிய ஏ மைனர் ஃப்யூக் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்குப் போக மனசில்லை. ஆனா, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டிய வெர்ஜர்களுக்குப் பொறுமை இல்லை. (நம்மூர் சர்ச்சில் கோயில்குட்டி என்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை.) அவர்கள் மெண்டல்சனிடம் போய் எதுவும் கேட்கவில்லை. பின்னால் போய்த் துருத்தி போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கிளப்பி அனுப்பிவிட்டார்கள். இசை முடிவை நெருங்கும் நேரத்தில் ஆர்கனுக்குக் காற்று நின்றது. ஐரோப்பாவின் மிகப் பெரிய இசைக்கலைஞர்களில் ஒருவர், விரல்கள் கட்டைகளின் மேல் இருக்க, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இசை வரலாற்றில் இது ஒரு சுவாரசியமான துணுக்கு, அவ்வளவுதான். ஆனா எனக்கு இதில் பிடித்த விஷயம் வேற. அந்த ஆராதனை முழுக்க ஒரு திரைக்குப் பின்னால் சிலர் உழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது, அவர்கள் நிறுத்தின பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அன்று வாசித்தவர் பெயர் நமக்குத் தெரியும், வாசித்த இசையும் தெரியும். காற்று கொடுத்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்று ஏதாவது ஒரு சர்ச்சில் கடைசி வரிசைக்குப் பின்னால் பாருங்க. மிக்சர் முன்னால் ஒருத்தர், ஸ்லைடு போட ஒருத்தர், கேமரா பிடித்துக்கொண்டு ஒருத்தர். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. இவர்கள் இந்த டிஜிட்டல் காலத்தில் புதிதாக முளைத்தவர்கள் என்று நினைப்போம். உண்மையில் இந்த வேலைக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது.

முதல்ல, ஆர்கன் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். பைப் ஆர்கன் என்பது ஏராளமான புல்லாங்குழல்களை ஒரு பெட்டியின் மேல் நட்டு வைத்த மாதிரி. வாசிப்பவர் கட்டையை அழுத்தினால் குழாயின் அடியில் ஒரு வாசல் திறக்கும், அவ்வளவுதான். ஊதுவது அவர் இல்லை. காற்று, கொல்லன் பட்டறையில் இருப்பது போன்ற துருத்திகளிலிருந்து வரும். கொல்லனுக்கு ஒன்றோ இரண்டோ போதும். பெரிய ஆர்கனுக்குப் போதாது.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் தேவாலயத்தில் ஓர் ஆர்கன் இருந்தது. வுல்ஃப்ஸ்டன் என்ற துறவி அதைப் பற்றி லத்தீனில் செய்யுள் எழுதியிருக்கிறார். 400 குழாய்கள், 26 துருத்திகள், அவற்றை இயக்க வியர்வை சொட்டச் சொட்ட 70 ஆட்கள், வாசிக்க இரண்டு துறவிகள் என்பது அவர் கணக்கு. 70 பேர் என்பது கவிஞர் கணக்கு, அப்படியே நம்ப வேண்டாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தாலும் அவர்களை ஒருத்தர் பார்த்திருக்கிறார், பார்த்ததை எழுதியும் வைத்திருக்கிறார். அதுவே அபூர்வம்.

ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் பேராலயத்தில் 1361இல் கட்டி முடித்த ஆர்கனைப் பற்றி மைக்கேல் பிரேட்டோரியஸ் 1619இல் வெளியிட்ட நூலில் படத்தோடு விவரம் இருக்கிறது. 20 துருத்திகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் செருப்பு மாதிரி ஒரு மரக்கட்டை. ஒருத்தர் இரண்டு துருத்திகளில் இரண்டு கால்களையும் மாட்டிக்கொண்டு, மேலே இருக்கும் கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அழுத்தி மறு காலைத் தூக்கி மாறி மாறி மிதிக்க வேண்டும். பாட்டு முடியும் வரை மாடிப்படி ஏறுகிற வேலை, ஆனால் மாடி வரவே வராது. இந்த ஆட்களுக்கு ஜெர்மனியில் கல்கான்ட் என்று பெயர். மிதிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இவர்கள் வேலை வெறும் உடம்பு வேலை என்று நினைத்தால் தப்பு. ஒருத்தர் அவசரப்பட்டு ஓங்கி மிதித்தால் காற்று அதிரும், சுருதி ஆடும். எல்லாக் குழாய்களும் ஒன்றாக ஒலிக்கும் இடத்தில் காற்றுச் செலவு ஏறும், மெல்லிய இடத்தில் இறங்கும். அதற்குத் தகுந்த மாதிரி இவர்களும் வேகம் மாற்ற வேண்டும். அதாவது, பாட்டு தெரிஞ்சிருக்கணும்.

இதற்கென்றே கருவிகளும் இருந்தன. பழைய ஜெர்மன் ஆர்கன்கள் பலவற்றில், இசைக் குமிழ்களோடு குமிழாக ஒன்று இருக்கும். அதை இழுத்தால் எந்தக் குழாயும் பாடாது, துருத்தி அறையில் ஒரு மணி அடிக்கும். "தயாரா இரு, ஆரம்பிக்கப் போறேன்" என்று அர்த்தம். இன்றைக்கு ஹெட்செட்டில் சொல்வதை அன்றைக்கு மணியில் சொன்னார்கள். இங்கிலாந்தில் துருத்திக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு நூலில் சின்ன ஈயக்குண்டு தொங்கும். உள்ளே இருக்கும் காற்றின் அளவுக்கு ஏற்ப அது ஏறும், இறங்கும். கோட்டைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மிக்சரில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது உடனே புரியும்.

யோஹான் செபாஸ்டியன் பாக் புது ஆர்கன்களைச் சோதிக்கப் போனால், முதலில் எல்லாக் குமிழ்களையும் ஒரேயடியாக இழுத்துவிட்டு முழு ஒலியில் வாசிப்பாராம். இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என வேடிக்கையாகச் சொல்வார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். அந்த நுரையீரலுக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதால் ஆர்கனில் நினைத்த நேரத்தில் பயிற்சி செய்யவும் முடியாது. கால்கட்டைகள் வைத்த கிளாவிகார்டை வீட்டில் வைத்துப் பழகியவர்கள் பலர். குளிர்காலத்தில் தேவாலயம் உறைந்து கிடக்கும் என்பது இன்னொரு காரணம்.

ஐரோப்பாவில் பல ஊர்களில், பல கலைஞர்கள் பெயரில் ஒரு கதை சொல்வார்கள். கச்சேரி முடிந்து ஆர்கன் கலைஞர் வெளியே வருகிறார். துருத்திக்காரர், "இன்னைக்கு நாம நல்லா வாசிச்சோம் இல்லையா?" என்கிறார். கலைஞர் சிரித்து, "நாமா? வாசிச்சது நான்" என்கிறார். அடுத்த நிகழ்ச்சியில் பாதியில் காற்று நிற்கிறது. கலைஞர் பதறிப்போய்ப் பின்னால் ஓடினால், துருத்திக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "இப்ப சொல்லுங்க, நானா நாமா?"

இது நடந்த கதை என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் தமிழில் சொல்லும்போது இதற்குக் கூடுதல் கூர்மை வருகிறது. ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். துருத்திக்காரர் கேட்டது 'நாங்கள்' இல்லை. 'நாங்கள்' என்பது துருத்தி அறை ஆட்கள் தனி, மேலே வாசிப்பவர் தனி என்று பிரிக்கும் சொல். அவர் கேட்டது, எதிரில் இருப்பவரையும் உள்ளே இழுக்கும் 'நாம்'.

தேவாலயக் கணக்குப் புத்தகங்கள் பலவற்றில் இவர்கள் கூலியாக மட்டும் வருகிறார்கள், இத்தனை மாதத்துக்கு இவ்வளவு என்று. பெயர் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். இங்கிலாந்தின் பழைய ஆர்கன்கள் பலவற்றின் பின்புறம், கைப்பிடிக்குப் பக்கத்துப் பலகையில், துருத்தி போட்ட பையன்கள் பென்சிலாலும் கத்தியாலும் தங்கள் பெயரையும் வருஷத்தையும் கீறி வைத்திருக்கிறார்கள். பிரசங்கம் நடக்கும்போது அவர்களுக்கு வேலை இல்லை, அப்போது செய்த வேலையாக இருக்கும். ஆர்கன் பழுதுபார்க்க வருகிறவர்கள்தான் இந்தப் பெயர்களை முதலில் பார்க்கிறார்கள்.

பிறகு இயந்திரம் வந்தது. 1855இல் லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலிலும் 1871இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் ஹென்றி வில்லிஸ் கட்டிய பெரிய ஆர்கன்களுக்கு நீராவி இயந்திரம் காற்று கொடுத்தது. சில தேவாலயங்களில் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தால் ஓடும் இயந்திரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்விசிறி. சில பத்தாண்டுகளில் துருத்திக்காரர் என்ற ஆளே காணாமல் போனார். 1920களில் அமெரிக்காவின் மிச்சிகனில் செட் ஷேஃபர் என்ற நகைச்சுவை எழுத்தாளர், சின்ன வயதில் துருத்தி போட்டவர்களுக்காக ஒரு சங்கமே ஆரம்பித்தார். பாதி கேலி, பாதி ஏக்கம். ஒரு வேலை செத்துப்போன பிறகுதானே அதற்குச் சங்கம் வைக்கத் தோன்றும்?

வேலை சாகவில்லை, வேஷம் மாறியது. இதை நான் அடையாளத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வேஷம்தான். 1921 ஜனவரி 2, ஞாயிறு மாலை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கால்வரி எபிஸ்கோப்பல் தேவாலயத்து ஆராதனையை கே.டி.கே.ஏ. வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. வானொலியில் வந்த முதல் தேவாலய ஆராதனை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அந்த நிலையம் முறையான ஒலிபரப்பைத் தொடங்கி இரண்டே மாதம் ஆகியிருந்தது. கருவிகளைக் கவனிக்க இரண்டு தொழில்நுட்ப ஆட்கள் ஆலயத்துக்குள் இருந்தாக வேண்டும். ஜனங்களின் கவனம் சிதறக் கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள். ஒருவர் யூதர், இன்னொருவர் கத்தோலிக்கர் என்று சொல்லப்படுகிறது. இரண்டு பேருமே அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆலயத்துக்குள் இருக்கணும், ஆனா தெரியக் கூடாது. துருத்தி அறையின் விதி அப்படியே தொடர்ந்தது.

அதற்குப் பிறகு ஒலி தேவாலயத்தின் சுவர்களைத் தாண்டியது. 1955இல் கலிபோர்னியாவில் ராபர்ட் ஷூலர் ஒரு டிரைவ்-இன் தியேட்டரின் சிற்றுண்டிக் கடைக் கூரை மேல் நின்று பிரசங்கம் செய்தார். ஜனங்கள் காருக்குள் உட்கார்ந்து, ஜன்னலில் மாட்டிய ஸ்பீக்கரில் கேட்டார்கள். 1975இல் இல்லினாயில் வில்லோ க்ரீக் என்ற சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து இளைஞர்கள் ஒரு சபையைத் தொடங்கினார்கள். தியேட்டர் பெயரே சபைக்கும் பெயரானது. வாடகை இடம் என்றால் கருவிகளை வாராவாரம் இறக்க வேண்டும், மாட்ட வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். இந்த மாதிரி சபைகள் பெருகியபோது, கூலிக்குத் துருத்தி போட்டவர் இருந்த இடத்துக்குச் சபையைச் சேர்ந்த தன்னார்வலர் வந்து சேர்ந்தார்.

இங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் புழங்கும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது: ஊழியம். இன்று சபையில் 'மீடியா ஊழியம்' என்றால் மரியாதையான சொல். ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது அரசுக்கும் மேலதிகாரத்துக்கும் ஏழைச் சாதியினர் கூலி இல்லாமல் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலை. 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஒரே சொல், இரண்டு பொருள். இரண்டிலும் சம்பளம் இல்லை.

அப்ப வித்தியாசம் எங்கே இருக்கு? ஒன்று, விருப்பம். மாட்டேன் என்று சொல்ல முடிந்தால்தான் அது தன்னார்வம். இன்னொன்று, அந்தத் துருத்திக்காரர் கேட்ட 'நாம்'. மைக் ஊளையிட்டால் நூறு தலை பின்னால் திரும்பும். பாட்டு வரி ஒரு நொடி தாமதமாக வந்தால் மேடையிலிருந்தே ஜாடை வரும். எல்லாம் சரியாக நடந்த நாளில் யாரும் திரும்புவதில்லை. ஜெபத்தின்போது எல்லாரும் கண்ணை மூடும் நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியவர் இவர்தான். அடுத்து எந்த மைக் என்று பார்க்கணுமே. ஆராதனைக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவருக்கு, ஆராதனையில் உட்கார இடமில்லாமல் போவதும் நடக்கிறது.

2020 பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் காட்சி தலைகீழானது. அந்த வருஷம் மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ் மழையில், ஆளில்லாத செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தில் நின்று ஜெபித்ததை உலகமே திரையில் பார்த்தது. சின்னச் சின்ன ஊர்ச் சபைகளிலும் இதேதான். உள்ளே குருவானவர், பாட ஒன்றிரண்டு பேர், அப்புறம் கேமராவும் மைக்கும் பார்ப்பவர். சபை என்று கண்முன்னால் இருந்தது அந்த ஒருத்தர்தான். "ஆமென்" என்று நேரில் சொல்லவும் அவர்தான் இருந்தார். ஆயிரம் வருஷமாகத் திரைக்குப் பின்னால் இருந்த வேலை, சில மாதங்களுக்கு ஆலயத்தின் நடுவில் வந்து நின்றது.

பிறகு கதவுகள் திறந்தன, ஜனங்கள் வந்தார்கள், மிக்சர் மறுபடி கடைசி வரிசைக்குப் பின்னால் போனது. அது போக வேண்டிய இடம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1837இல் செயின்ட் பாலில் துருத்தி போட்டவர்கள் பெயர் இனிமேல் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அடுத்த ஞாயிறு உங்க சர்ச்சில் மைக் செட் பார்ப்பவரின் பெயரை, போய்க் கேட்டாலே தெரிஞ்சுக்கலாம்.