கல் பொறுக்கப் போனவர்

கடற்கரைக்கு விடுமுறை கழிக்கச் செல்லுகின்றவர்களில் வெறுங்கையோடு திரும்புகின்றவர் மிகச் சிலரே. அலை ஒதுங்கிய ஈர மணலில் ஒரு கூழாங்கல் மின்னும், குனிந்து எடுப்போம், துடைத்துப் பார்ப்போம், சட்டைப் பையில் இடுவோம். வீட்டுக்கு வந்து ஈரம் உலர்ந்ததும் அதன் ஒளி மங்கிவிடும். எனினும் எறிய மனம் வராது. பிற நாட்டிலிருந்து நம் தீவுக்கு வந்து, பேருவளையிலும் களுத்துறையிலும் வெயில் காயும் பிரயாணிகளும் இதற்கு விலக்கல்லர்.

அவர்கள் களுத்துறைக் கரையில் அள்ளும் மணலில் ஒரு பகுதி கடலுக்குச் சொந்தமானதன்று, மலைக்குச் சொந்தமானது. சிவனொளிபாதமலையின் சாரலிலே தோன்றும் களு கங்கை, இரத்தினபுரியை ஊடறுத்து ஓடிக் களுத்துறையிலே கடலோடு கலக்கின்றது. வழியெல்லாம் பாறையை அரித்துக் கொண்டுவரும் ஆறு, பாரமான கற்களை மலையடிப் பள்ளத்தாக்குகளிலேயே விட்டுவிட்டு, இலேசான மணலை மட்டும் கடலுக்குக் கொடுக்கின்றது. அவ்வாறு ஆறு விட்டுச் சென்ற பாரமான கற்களைத் தேடி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் சப்ரகமுவ மாகாணத்துக்கு வந்தவண்ணம் இருக்கின்றனர். அப்படி வந்தவர்களைப் பற்றியும், அவர்கள் எடுத்துச் சென்றவற்றைப் பற்றியும், விட்டுச் சென்றவற்றைப் பற்றியுமே இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

முதலில் கல் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். இத்தீவின் நடுமலைப் பாறைகள் சுமார் ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்திலே பெரும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. அவ்வுருமாற்றத்திலே பிறந்தவையே நீலமும் மாணிக்கமும் பிறவும். காலப்போக்கில் மேற்பாறை சிதைந்து மழையிற் கரைந்தது. கடினமான மணிகள் மட்டும் கரையாது எஞ்சின. அவை பள்ளத்தாக்குகளிலே சரளைக் கல்லோடு கலந்து படிந்து, பின்னர் களிமண்ணால் மூடப்பட்டன. இந்தச் சரளைப் படுக்கைக்கு இரத்தினபுரியிலே 'இல்லம்' என்று பெயர். சிங்களச் சொல்லேயாயினும், தமிழ்க் காதுக்கு அது மணிகள் குடியிருக்கும் வீடு என்றே ஒலிக்கின்றது!

இல்லத்தை அடைவதற்குக் குழி தோண்டுவார்கள். மண் சரியாதபடி மரச்சட்டம் நாட்டி, இடையிலே 'கெக்கில்ல' என்னும் பன்னத்தழையைச் செருகுவார்கள். கீழே காற்று நல்லதா என்று அறிய விளக்கை ஏற்றிப் பார்ப்பார்கள். எடுத்த சரளையைக் கூடையிலே இட்டு, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றி அரிப்பார்கள். இலேசான கல் விளிம்பு வழியே ஓடிவிடும். பாரமானது அடியிலே தங்கும். கடைசியிலே கூடையைச் சூரியனுக்கு நேராகச் சரித்து, பழகிய கண்ணொன்று பார்க்கும். மாதக்கணக்கான உழைப்புக்கு அந்தச் சில விநாடிகளே தீர்ப்பு.

இனி, வந்தவர்களைப் பார்ப்போம். 1344 ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டுப் பிரயாணியாகிய இபன் பதூதா புத்தளத்திலே கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உபசாரத்தைப் பெற்று, பாவாத மலைக்கு யாத்திரை சென்றார். நாம் சிவனொளிபாதம் என்பதை முஸ்லிம்கள் பாவாத மலை என்பர். வழியிலே மாணிக்கக் கற்கள் அகழப்படுவதைக் கண்ட அவர், அந்நாட்டு வழக்கமொன்றை எழுதி வைத்தார். நூறு பணமும் அதற்கு மேலும் பெறுமதியான கல் அரசனுக்கு உரியது. அரசன் விலை கொடுத்து அதனை எடுத்துக்கொள்வான். அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே உரியது. 'பணம்' என்னும் நம் சொல்லை அவர் தம் மொழியிலே 'ஃபனம்' என்று ஒலித்து எழுதினார். கல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்றே இருந்தது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் அதற்குத் திரும்பி வருவோம்.

கல்லோடு சொல்லும் கப்பலேறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒல்லாந்த வணிகர் இங்கிருந்து பல நிறக் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயினர். அவற்றுள் ஒரு வகையைச் சூடாக்கினால் அது சாம்பலைத் தன்பால் இழுத்தது. அதற்குச் சிங்கள மக்கள் வழங்கிய 'தோரமல்லி' என்ற பெயரே இன்று உலகமெங்கும் 'டூர்மலின்' ஆயிற்று. நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் பொதுப்பெயராக விஞ்ஞானிகள் வழங்கும் 'கொரண்டம்' என்பது நம் 'குருந்தம்' என்னும் சொல்லே. கல்லை இழந்த இடத்தில் சொல்லாவது நிலைத்தது என்று நாம் ஓரளவு ஆறுதல் அடையலாம்.

அடுத்து வருகின்றவர் பிற நாட்டிலிருந்து வந்தவர் போலத் தோன்றினும், நம் நாட்டவரே. 1877 ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி, புகழ்பெற்ற தமிழர்; தாய் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைப் பருவத்திலேயே தாயோடு இங்கிலாந்து சென்றார். இரண்டு வயதிலே தந்தையை இழந்தார். அங்கே வளர்ந்த அந்தப் பிள்ளைக்குக் கல் பொறுக்குவதிலே விருப்பம் உண்டாயிற்று. பள்ளி மாணவராய் இருக்கும்போதே, அருகிலிருந்த குன்றின் பாறைகளைப் பற்றிப் பள்ளிச் சஞ்சிகையில் எழுதினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பூமிசாத்திரம் கற்று, 1900 ஆம் ஆண்டிலே இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். காரீயம் என்றதும் கேகாலைப் பகுதியின் போகலைச் சுரங்கம் நம் நினைவுக்கு வரும்.

1903 ஆம் ஆண்டு முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக அவர் பணியாற்றினார். சுத்தியலும் பையும் கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார். இரத்தினக் கற்களை வாங்க வந்தவருக்கு வேண்டாத கல்லே அவருக்கு வேண்டியிருந்தது. கூடையடியில் எஞ்சி, அரிப்போர் வீசிவிடும் கருநிறச் சிறு கற்களை அவர் ஆராய்ந்தார். அக்காலத்திலே பலாங்கொடைப் பகுதியில், ஹாலந்து என்பவரின் கண்ணில் கனசதுர வடிவான, மிகப் பாரமான கறுப்புக் கற்கள் பட்டன. முதலில் அவை வேறொரு கனியமென்று கருதப்பட்டன. இலண்டன் இம்பீரியல் நிறுவனத்திலே டன்ஸ்டன் 1904 இல் பகுத்துப் பார்த்தபோது, அவற்றில் மிகப் பெரும் பங்கு தோரியம் என்று தெரிந்தது. புதிய கனியத்துக்குத் 'தோரியனைற்று' என்று பெயரிட்டனர்.

அந்தக் கல் சென்ற தூரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1904 இல் ஓட்டோ ஹான் என்னும் இளம் ஜெர்மானியர், ஆங்கிலம் பழகுவதற்காக இலண்டன் வந்து, சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுக்கூடத்திலே சேர்ந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த உப்பை அவர் கையிலே கொடுத்து, அதிலிருந்து ரேடியத்தைப் பிரிக்குமாறு ராம்சே கூறினார். அதனைப் பிரிக்கப் புகுந்த ஹான், 1905 இல் 'ரேடியோதோரியம்' என்னும் புதிய கதிர்வீச்சுப் பொருளைக் கண்டறிந்தார். அன்று முதல் அவர் வாழ்க்கையே அத்துறைக்கு உரியதாயிற்று. 1938 இல் அணுவின் கரு பிளக்கப்படும் உண்மையை ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து கண்டறிந்தவரும் அவரே. ராபர்ட் ஸ்ட்ரட் என்னும் ஆங்கில அறிஞரோ, இதே கல்லிற் சிறைப்பட்டிருந்த ஹீலிய வாயுவை அளந்து, பாறைகளின் வயதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எண்ணும் முயற்சிக்குத் துணை செய்தார். சப்ரகமுவவில் வேண்டாமென்று வீசப்பட்ட கல்லொன்றின் கதை இது.

கனியங்களைத் தேடிக் கிராமங்களிலே திரிந்த குமாரசுவாமியோ, கல்லைவிட அரியதொன்றைக் கண்டார். கோயிற் சுவர்களிலே மங்கிவரும் ஓவியங்களையும், பட்டறையிலே தனித்திருந்த முதிய கைவினைஞரையும், பிறநாட்டுச் சாமான்கள் வந்ததால் கைவிடப்பட்ட நெசவையும் கண்டார். அவர் மனைவி எதெல் அவற்றைப் படம் பிடித்தார். 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானப் பேரறிஞர் பட்டம் அளித்தது பாறைகளுக்காக. ஆனால் 1908 இல் அவர் வெளியிட்ட பெருநூல் பாறைகளைப் பற்றியதன்று, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றியது. கல்லைப் பொறுக்கப் போனவர் மனிதரைக் கண்டு திரும்பினார். அதனாலேயே 1947 இல் அமெரிக்காவிலே அவர் மறைந்தபோது, உலகம் அவரைக் கலையறிஞராக நினைவுகூர்ந்தது.

கல் சேகரிப்போர்க்கு ஒரு பாடத்தைச் சொல்லும் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. 1945 இல் ரிச்சர்ட் டாஃபே என்னும் இரத்தின ஆராய்ச்சியாளர், அயர்லாந்தின் டப்ளின் நகரிலே நகை வியாபாரி ஒருவரின் பழைய கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுள் இளஞ்செந்நீல நிறக் கல்லொன்று, தெரிந்த எந்த வகைக்கும் ஒத்துவரவில்லை. அது புதிய கனியமென்று இலண்டன் அறிஞர் உறுதி செய்தனர். 'டாஃபேயைற்று' என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆனால் அது எந்த மண்ணிலே பிறந்தது என்று அப்போது எவராலும் சொல்ல முடியவில்லை. வெட்டி மெருகிட்ட கல்லிலே ஊரின் அடையாளம் ஏது? பின்னர் இலங்கையிலே அவ்வகைக் கற்கள் கிடைத்த பிறகே அதன் தாய்மண் துலங்கியது. எடுத்த இடத்தை எழுதி வைக்காத கல், தாய் தந்தையர் பெயரறியாத பிள்ளையைப் போன்றது.

இதற்கு மாறானது 'எக்கனைற்று'. 1953 இல் இரத்தினபுரி மாவட்டத்து எகலியகொடையிலே, ஏக்கநாயக்க என்னும் நம் நாட்டு நிபுணர் ஒரு பச்சைக் கல்லை வேறுபடுத்திக் கண்டார். 1961 இல் அது புதிய கனியமென்று வெளியிடப்பட்டபோது அவர் பெயரையே பெற்றது. இடமும் தெரியும், கண்டவரும் தெரியும். தோரியம் அடங்கிய இக்கல் தன் கதிர்வீச்சினால் தன் உள்ளமைப்பையே சிதைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் அழகென்று சட்டைப் பையிலே வைத்துத் திரியத்தக்கதன்று. அதற்கு முந்திய ஆண்டாகிய 1952 இல், பிரிட்டிஷ் நூதனசாலை அறிஞர் வேறொரு பிழையைத் திருத்தினர். ஒலிவீன் என்று நெடுங்காலம் பேழைகளிலே பெயரெழுதி வைத்திருந்த கபில நிறக் கற்கள் வேறொரு கனியம் என்று கண்டு, இத்தீவின் பெயரால் 'சிங்களைற்று' என வழங்கினர்.

இப்போது முன்னே விட்ட கேள்விக்கு வருவோம். கல் யாருக்குச் சொந்தம்? 1926 இல் பெல்மதுளை வயலொன்றிலே கிடைத்த பெரிய நீலக்கல் 'ஆசியாவின் நீல அழகி' எனப் பெயர் பெற்றது. 392 கரட்டுக்கு மேற்பட்ட நிறையுடைய அது, 2014 இல் ஜெனீவா நகர ஏலத்திலே ஒரு கோடியே எழுபது இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. கல்லின் பெயர் தெரிகின்றது, நிறை தெரிகின்றது, விலை தெரிகின்றது. சேற்றிலே நின்று அதனை அரித்தெடுத்த கையின் பெயரை ஏலப் பட்டியல் எழுதுவதில்லை.

நம் தோட்டத்து மக்களை இங்கே நினையாமல் இருக்க முடியுமா? பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளை, கேகாலைப் பக்கத்தில் எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை முதலிய இடங்களிலே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் வந்திருக்கின்றனர். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றின் பள்ளங்களிலே, அவர்கள் காலடியிலேயே இல்லம் கிடக்கின்றது. மழை பெய்து ஓய்ந்ததும் கான்களிலே கல் பொறுக்கித் திரியாத தோட்டத்துப் பிள்ளை அங்கே உண்டோ? ஆனால் அகழ்வதற்கு நிலவுரிமையாளரின் இசைவு வேண்டும். அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். கிடைத்த கல்லிலே நிலத்துக்கு ஒரு பங்கு, பத்திரத்துக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு என்பது வழக்கம். நிலத்தின் பங்கைப் பெறக் காணியுறுதி வேண்டும். 1948 இல் குடியுரிமையை இழந்து, ஒப்பந்தங்களுக்கும் சட்டங்களுக்கும் காத்திருந்து, 2003 இல் எஞ்சியோரும் அதனைப் பெற்ற இம்மக்களிலே, லயன் அறைக்கேனும் உறுதி உடையவர் இன்றும் சிலரே. நூறு பணத்துக்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே என்று இபன் பதூதா எழுதிய அந்த எளிய நீதிகூட அவர்களுக்கு எட்டாத தூரத்திலே நின்றது.

ஆகையால், பிற நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகின்றவர்களுக்கும், பிற நாடுகளுக்குச் செல்லும் நம்மவர்களுக்கும் சொல்லவேண்டியது இதுவே. கல்லை விரும்புங்கள், தவறில்லை. நாட்டின் சட்டத்தை அறிந்து எடுங்கள். இரத்தினக் கல்லை வாங்குவதாயின், 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதி பெற்ற வணிகரிடமே வாங்குங்கள். எடுத்த கல்லின் மேல் சிறு தாளொன்றை ஒட்டி, ஊரையும் ஆற்றையும் நாளையும் எழுதுங்கள். காட்டித் தந்தவரின் பெயரை அவர் இசைவோடு எழுதுங்கள். அத்தாளே கல்லுக்கு அறிவைத் தருகின்றது. தாளில்லாத கல் வெறும் அழகு. தாளுள்ள கல் ஒரு வரலாறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லைக் குனிந்து எடுக்கும்போது, அருகே சேற்றில் நிற்கும் மனிதரின் முகத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். சுத்தியலும் பையுமாக வந்த ஆனந்த குமாரசுவாமி அப்படி நிமிர்ந்து பார்த்தார். அவர் சேகரித்த கற்களைப் பார்க்க நூதனசாலைக்குப் போகவேண்டும்; அவர் கண்ட மனிதரைப் பார்க்க, களு கங்கைக் கரைக்குப் போனாற் போதும்.