அலமாரி நிரம்பியதால் பிறந்த ஜேஸ்டோர்

இலக்கிய ஆய்வுக் கட்டுரை தேடப் போகும் நண்பர்கள் பலர் தேடுபெட்டியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, வந்ததை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு நூறு வருடக் கதை இருக்கிறது. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? கதாநாயகனே ஒரு பொருளாதார நிபுணர்தான் :-)

முதலில் எம்.எல்.ஏ. சட்டசபைக்குப் போகிறவர் இல்லைங்க. 1883-ல் அமெரிக்காவில் தொடங்கிய நவீன மொழிச் சங்கம். மொழி, இலக்கியம் பற்றி அந்நாட்டு ஆய்வாளர்கள் எழுதியதை வருடாவருடம் பட்டியல் போடும் வேலையை 1921-ல் ஆரம்பித்தார்கள். 1956 முதல் பிற நாட்டவர் எழுதியதும் சேர்ந்தது. எந்த இதழ், எந்தப் பக்கம் என்று அது சொல்லும். இதழைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும்.

அந்த இதழ்களோ வருடத்துக்கு வருடம் பெருகி அலமாரிகளை அடைத்துக்கொண்டிருந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்து, பிறகு மெல்லன் அறக்கட்டளைக்கு வந்தவர் வில்லியம் போவன். ஓஹையோவில் டெனிசன் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவிலும் இருந்தார். அங்கே நூலகத்துக்கு இடம் போதவில்லை என்ற பேச்சு வந்தது. நம்ம பாடத்தில் வரும் மூலதனச் செலவு கணக்குதான். எல்லாக் கல்லூரியும் அதே பழைய இதழ்களுக்காகத் தனித்தனியே கட்டடம் கட்டுவானேன், ஒரு முறை ஸ்கேன் செய்து எல்லோரும் பகிர்ந்துகொண்டால் என்ன என்று யோசித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 10 இதழ்களோடு சோதனை நடந்தது. அத்தனையும் பொருளாதாரமும் வரலாறும்தான், இலக்கியம் பிறகுதான் வந்தது! 1995-ல் ஜேஸ்டோர் லாப நோக்கமற்ற தனி நிறுவனமானது.

பதிப்பாளர்களுக்குச் சந்தா குறைந்துவிடுமோ என்று பயம். அதனால் பிறந்தது 'நகரும் சுவர்'. கடைசி மூன்று முதல் ஐந்து வருட இதழ்களை உள்ளே விடமாட்டார்கள், வருடம் நகர நகரச் சுவரும் நகரும். பல இதழ்களுக்கு இன்றும் இது உண்டு. ஆகவே புதிய ஆய்வு வேண்டுமென்றால் எம்.எல்.ஏ பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

இடப் பிரச்சினை தீர்ந்தது, சரி. ஆனால் சந்தா கட்ட முடியாத கல்லூரி மாணவன் பழைய அலமாரிக்கு வெளியே நின்ற மாதிரியேதான் புதியதற்கும் வெளியே நின்றான். என்னைப் பொறுத்தவரை இதுதான் அந்தக் கணக்கில் விடுபட்ட வரி. 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும் எம்.ஐ.டி வலையமைப்பு வழியாக ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர் லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கினார். ஜேஸ்டோர் அவரோடு சமரசமாகிவிட்டது, அரசாங்கம் விடவில்லை. வழக்கு முடியும் முன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1923-க்கு முந்தைய அமெரிக்க இதழ்களையும், 1870-க்கு முந்தைய பிற நாட்டு இதழ்களையும் 2011 செப்டம்பரில் ஜேஸ்டோர் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2020 முதல், தனியாகப் பெயர் பதிந்துகொண்டால் மாதம் 100 கட்டுரைகள் வரை இலவசமாகப் படிக்கலாம். திரையில் மட்டும்தான், இறக்கிக்கொள்ள முடியாது. குறிப்பெடுக்க ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.