மல்லிகைக் கவாத்து

மல்லிகைக் கவாத்து என்பது மல்லிகைச் செடியின் பழைய கிளைகளை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக் குறைத்துப் புதுத் தளிர்களை வளரச் செய்யும் தோட்டக்கலை முறையாகும். கவாத்து என்னும் சொல் ரோசா, திராட்சை முதலியவற்றுக்கும் வழங்குகிறது. தேயிலைத் தோட்டங்களில் இது கவ்வாத்து எனப்படும்.

அடிப்படை

குண்டுமல்லி (ஜாஸ்மினம் சம்பக்) பத்து ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும் பல்லாண்டுச் செடியாகும். ஆயினும் இதன் பூக்கள் அவ்வப்போது துளிர்க்கும் புதுக் கிளைகளிலேயே, பெரும்பாலும் அவற்றின் நுனியில், தோன்றுகின்றன. கிளை நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளரூக்கி, கீழேயுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டியதும் இத்தடை நீங்கி, ஒரு கிளை இருந்த இடத்தில் பல கிளைகள் எழுகின்றன. கிளைகள் பெருகினால் பூக்கும் நுனிகளும் பெருகும்.

செய்முறை

குண்டுமல்லி நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டப்படுகிறது. முல்லைக்கு சனவரி கடைசி வாரமும் 45 செ.மீ. உயரமும் பரிந்துரைக்கப்படுகின்றன. வெட்டுவதற்கு முன் சில நாட்கள் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவர். காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று பின்னிய கிளைகள் முழுவதும் நீக்கப்படும். பின்னர் செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்சப்படுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூக்கத் தொடங்கும். தாமதமாக வெட்டினால் கோடையின் முதற்பூப்பும் தள்ளிப் போகும்.

வாடிய பூக்களை நீக்குதல்

ரோசாவில் வாடிய பூவை விட்டுவைத்தால் அது காயாகி, செடியின் ஊட்டத்தை ஈர்த்து, அடுத்த பூப்பைக் குறைக்கக்கூடும். எனவே வாடிய பூவைக் காம்புடன் கிள்ளிவிடுவர். மல்லிகை விற்பனைக்காக மொட்டாகவே பறிக்கப்படுவதால் வயலில் இதற்குத் தனி வேலை இல்லை. பறிக்காமல் விடப்படும் வீட்டுச் செடிகளில் வாடியவற்றை நீக்குவது நல்லது.

காலமும் விலையும்

மார்கழி, தை மாதக் குளிரில் மல்லிகை வரத்து குறைந்து விலை மிக உயரும். மதுரைச் சந்தையில் பொங்கலையொட்டி இதனைக் காணலாம். நவம்பரில் கவாத்து செய்த செடியில் அப்போது பூ இராது. வெட்டாமல் விட்டாலோ குளிர்காலத்தில் கிடைப்பது சொற்பமே. அடுத்த கோடை விளைச்சலும் குறையும். இதனால் வயலைப் பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு காலங்களில் கவாத்து செய்யும் உழவர்களும் உண்டு.