மாதாம் து கூத்ரேயின் துணிப் பொம்மை

பிரசவ வைத்தியத்தில் கை பழகுவதற்கு உயிருள்ள தாயின் சரீரத்தையே பரீட்சைக் களமாக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியிருக்க, அதற்கு மாற்றாக ஒரு சாதனத்தைத் தேசமெங்கும் கொண்டு சென்ற கீர்த்தி பிரெஞ்சு மருத்துவச்சியான மாதாம் து கூத்ரேயையே சாரும். 1759-ஆம் ஆண்டில் பதினைந்தாம் லூயி மன்னரின் ஆக்ஞையைப் பெற்று, நாட்டுப்புற ஸ்திரீகளுக்குப் போதிக்கப் புறப்பட்ட அந்த அம்மையார், துணியும் தோலும் பஞ்சும் கொண்டு தைத்த இடுப்புப் பொம்மையொன்றை ஊர்தோறும் உடன் கொண்டுபோனார்.

ரூவான் நகர அருங்காட்சியகத்தில் எஞ்சியுள்ள பிரதியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மெய்யான பெண்ணொருத்தியின் இடுப்பெலும்பே உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது புலனாயிற்று. நாடாக்களை இழுத்தால் பிறப்பு வழி விரியும், சுருங்கும். சிசுப் பொம்மையின் வாயிலோ விரல் நுழைய இடமுண்டு. கால் முன்னாக வந்த குழந்தையின் தலை சிக்கிக்கொண்டால், வாயில் விரலிட்டு முகவாயைத் தாழ்த்தி அதை விடுவிக்கும் உபாயத்தைக் கற்பிக்கவே இந்த ஏற்பாடு. இவ்வளவு நுட்பத்தை ஏட்டறிவு மட்டும் உடையவர் யோசித்திருக்க முடியாதென்பது என் அபிப்பிராயம். பிற்பாடு செந்நீர் தோய்ந்த கடற்பஞ்சுகளையும் சேர்த்து, உதிரப்பெருக்கின் அபாயத்தையும் மாணவியரின் கண்முன் நிறுத்தினார்.

போதனை முடிந்தபின் ஊர்களில் பொம்மையை விட்டுச்செல்வதும், அங்குள்ள சர்ஜன்களுக்கு அதைக் கையாளப் பழக்குவதும் அவருடைய நடைமுறை. போர்தோ நகரில் அப்பணியை அவருடைய உறவுப் பெண்ணாகிய மாதாம் கூத்தான்சோ தொடர்ந்து நடத்தினார்.