தரையில் தீர்மானமாகும் பறத்தல்: தளநிலையம் சார்ந்த ட்ரோன்களின் ஆற்றலும் வரம்பும்

1. ஆய்வுப்பொருள்

ட்ரோன் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் கேமரா, வேகம், சுமக்கும் எடை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அது வந்து இறங்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது இக்கட்டுரை. ஒரு ட்ரோன் இறங்கி, மின்னேற்றம் பெற்று அல்லது பேட்டரி மாற்றிக்கொண்டு, மறுபடி கிளம்புவதற்கான நிலையான ஏற்பாட்டைத் ‘தளநிலையம்’ என்று இங்கே குறிக்கிறேன்.

என் கருத்துகள் இரண்டு. முதலாவது, ட்ரோன் சேவை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், என்ன செலவில் நடக்கும் என்பதை வானில் பறக்கும் கலத்தைவிடத் தரையில் உள்ள நிலையமே அதிகம் தீர்மானிக்கிறது. இரண்டாவது, பொருள் விநியோகத்துக்குத் தேவையே எல்லை. கேட்டவருக்குப் பொருள் போய்ச் சேர்ந்ததும் பறத்தல் முடிந்துவிடும். கண்காணிப்புக்கு அப்படி இயல்பான முடிவு கிடையாது. இதுவரை பேட்டரி தீர்ந்துபோவதுதான் அதன் எல்லையாக இருந்துவந்தது. தளநிலையம் அந்த எல்லையை அழிக்கிறது. அந்த இடத்தில் சட்டம் வந்து நிற்கவேண்டும்.

2. ஆற்றல் கணக்கு

நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோன் அந்தரத்தில் நிற்கக்கூட ஒவ்வொரு நொடியும் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். விசிறியின் அளவை மாற்றாமல் எடையை மட்டும் இரட்டித்தால், தேவைப்படும் திறன் ஏறத்தாழ 2.8 மடங்காகும். அதனால் பெரிய பேட்டரியைக் கட்டிவிட்டால் நீண்ட நேரம் பறக்கலாம் என்ற எண்ணம் ஒரு கட்டத்துக்கு மேல் செல்லுபடியாகாது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் அயனி பேட்டரியில் 200 முதல் 250 வரைதான். எஞ்சினில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது என்று கழித்தாலும் இடைவெளி பெரியது. காவல் பணிக்கும் ஆய்வுப் பணிக்கும் வரும் சிறிய ட்ரோன்களின் பறக்கும் நேரம் அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் நிற்பதற்கு இதுவே காரணம். விமானம்போல் நிலையான இறக்கை கொண்டவை காற்றின் தூக்குவிசையால் மிதப்பதால் அதே பேட்டரியில் பல மடங்கு தூரம் போகும். ஆனால் ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்க அவற்றால் முடியாது.

3. பெட்டிக்குள் நடப்பது

தளநிலையங்களில் பெருமளவு புழங்குவது பெட்டி வடிவம். மேல்மூடி இரண்டாகத் திறக்கும்; உள்ளே ஒரு மேடை; பக்கத்தில் சிறு வானிலைக் கம்பம். ட்ரோன் திரும்பி வரும்போது முதல் சிக்கல் இறங்குவதுதான். சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். மேடையோ ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது. எனவே நிலையத்தில் உள்ள துணை ஜிபிஎஸ் கருவி திருத்த அளவுகளை அனுப்பிப் பிழையைச் சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்கிறது. கடைசி சில மீட்டர் உயரத்தில், மேடையில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைக் கட்டக் குறியை ட்ரோனின் கீழ்க் கேமரா படித்து இறங்குகிறது. இறங்கியதும் பக்கவாட்டுத் தண்டுகள் அதை மெல்ல நடுவுக்குத் தள்ளும், மூடி சாத்திக்கொள்ளும், மின்முனைகள் பொருந்தும்.

உடனே மின்னேற்றம் தொடங்கிவிடாது. பறந்து வந்த பேட்டரி சூடாக இருக்கும். பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் லித்தியம் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யக்கூடாது. பெட்டிக்குள் குளிரூட்டி இயங்கி, சூடு தணிந்த பிறகே மின்சாரம் ஏறும். உறைநிலைக்குக் கீழே போகும் ஊர்களில் இதற்கு நேர்மாறாகப் பேட்டரியைச் சூடாக்கவேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் ஓர் இரும்புப் பெட்டியின் உள்வெப்பம் எவ்வளவு இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் குளிரூட்டிதான் நிலையத்தின் உயிர்ப்பகுதி என்பது புரியும். விளம்பரத் தாள்களில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

இரண்டாவது முறை, பேட்டரியையே மாற்றிவிடுவது. இஸ்ரேலின் ஏரோபாட்டிக்ஸ் நிறுவனம் பெட்டிக்குள் ஓர் இயந்திரக் கையை வைத்து இதைச் செய்தது. 2017-ல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அதன் தானியங்கிப் பறத்தலுக்கு உரிமம் வழங்கினர். நேரம் மிச்சம், ஆனால் அசையும் உறுப்புகள் கூடக்கூடப் பழுதும் கூடும். கம்பியில்லா மின்னேற்றம் மூன்றாவது. இறங்கும் பிசகைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், ட்ரோன் சுமக்கவேண்டிய சுருளின் எடையும் மின்னிழப்பும் அதைப் பின்னுக்கு இழுக்கின்றன.

4. இடைவிடாமையின் கணக்கு

ஓரிடத்தின் மேல் எப்போதும் ஒரு ட்ரோன் இருக்கவேண்டுமானால் மொத்தம் எத்தனை வேண்டும்? ஒரு ட்ரோன் 40 நிமிடம் பறக்கும், 30 நிமிடம் மின்னேற்றம் பெறும் என்று வைப்போம். ஒரு சுற்று 70 நிமிடம். நிலையத்திலிருந்து இடத்துக்குப் போக 5 நிமிடம், வர 5 நிமிடம் என்றால் அங்கே நிற்பது 30 நிமிடம். 70-ஐ 30-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 3 ட்ரோன்கள். அதே இடம் 15 நிமிடத் தொலைவில் இருந்தால் நிற்கக் கிடைப்பது 10 நிமிடம்தான்; ட்ரோன்கள் 7 வேண்டும்.

இனி, மின்னேற்றத்தை விட்டு 3 நிமிடத்தில் பேட்டரி மாற்றினால் என்ன ஆகும்? சுற்று 43 நிமிடமாகும். பக்கத்து இடத்துக்கு 2 ட்ரோன்கள் போதும், தொலைவிடத்துக்கு 5. ஆக, தொலைவான இடத்துக்கு 3 நிமிடப் பேட்டரி மாற்றம் 7-ஐ 5 ஆக்குகிறது; நிலையத்தை அருகே கொண்டுவந்தாலோ, மின்னேற்றத்துடனேயே 7 என்பது 3 ஆகிறது. நிலையம் எங்கே நிற்கிறது என்பதே முதல் கேள்வி.

அருகாமைக்கும் விலை உண்டு. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 15 நிமிடம் என்பது 13.5 கிலோமீட்டர், 5 நிமிடம் 4.5 கிலோமீட்டர். எட்டும் தொலைவை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால், அதே பரப்பை மூட ஒன்பது மடங்கு நிலையங்கள் வேண்டும். தேவை நெருக்கமாக உள்ள நகரத்துக்கு இது கட்டுபடியாகும். சிதறிய குடியிருப்புகளுக்கு ஆகாது.

இன்னொரு செலவு எளிதில் கண்ணில் படாது. மூன்று ட்ரோன்கள் முறைவைத்துப் பறந்தால் ஒவ்வொன்றும் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 16 முறை கிளம்பும். 400 முறை மின்னேற்றம் தாங்கும் பேட்டரி ஒரே மாதத்துக்குள் ஓய்ந்துவிடும். அதனால் 24 மணி நேரமும் வானில் இருப்பதைவிட, பெட்டிக்குள் முழு மின்னேற்றத்துடன் காத்திருந்து அழைப்பு வந்ததும் கிளம்புவதே பொருளாதாரத்துக்கு உகந்தது.

5. விநியோகம்: ருவாண்டாவின் பாடம்

தளநிலையத்தை மையமாக வைத்துச் சிந்தித்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு ருவாண்டா நல்ல சான்று. 2016 அக்டோபரில் ஜிப்லைன் நிறுவனம் அங்கே முஹாங்கா என்ற இடத்திலிருந்து மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்பத் தொடங்கியது. கலம் நிலையான இறக்கை உடையது. கவண் போன்ற ஏவுதண்டு அதை ஏவுகிறது. காகிதக் குடையில் பொட்டலத்தைப் போட்டுவிட்டு, தரையைத் தொடாமல் திரும்புகிறது. இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் வால் கொக்கி மாட்ட, அப்படியே நிற்கிறது.

இங்கே மின்னேற்றம் பெறுவது கலம் அல்ல, தனியே கழற்றி அடுக்கிய பேட்டரிகள். ஏவும் நேரத்தில் உடல், இறக்கை, பேட்டரி மூன்றையும் பொருத்துகிறார்கள். ஜிபிஎஸ் கருவியைப் பேட்டரித் தொகுதியிலேயே வைத்துவிட்டதால், மின்னேற்றம் ஏறும்போதே அது செயற்கைக்கோள்களைப் பிடித்துவைத்திருக்கிறது. ஏவுதண்டில் ஏறிய பிறகு காத்திருக்கவேண்டியதில்லை. ரத்தம் வேண்டிக் காத்திருக்கும் ஒரு பிரசவ அறைக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிது.

விளைவு அளக்கப்பட்டிருக்கிறது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2022-ல் வந்த ஆய்வு, 2017 முதல் 2019 வரையிலான 12,000-க்கும் மேற்பட்ட ரத்த வேண்டுகோள்களை எடுத்துக்கொண்டது. ட்ரோன் வழியே ரத்தம் சாலையைவிடச் சராசரியாக 79 முதல் 98 நிமிடம் முன்னதாகச் சேர்ந்தது. காலாவதியாகி வீணான ரத்தப் பொருள்கள் ஓராண்டில் 67 விழுக்காடு குறைந்தன. இரண்டாவது எண்ணையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே இருப்பு வைத்தால் ஓரிடத்தில் கெட்டுப்போகும், இன்னோரிடத்தில் கிடைக்காது. நடுவே ஓர் இருப்பு, அதிலிருந்து விரைவான விநியோகம் என்றால் இரண்டும் தீரும். வேகத்தின் உண்மையான பயன் சேமிப்புக் கிடங்கில்தான் தெரிகிறது.

ஆல்ஃபபெட்டின் விங் நிறுவனம் 2023-ல் வேறொரு வழியை முன்வைத்தது. அதன் ட்ரோன் கிளம்பிய மேடைக்கே திரும்பவேண்டியதில்லை. வேலை முடிந்த இடத்துக்கு அருகே காலியாக உள்ள மேடையில் இறங்கி மின்னேற்றம் பெறலாம். நான்காம் பகுதிக் கணக்கில் வரும் திரும்பும் நேரத்தை இது சுருக்குகிறது.

6. கண்காணிப்பு: எல்லை எங்கே?

கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டா நகரக் காவல் துறை 2018 அக்டோபரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அவசர அழைப்பு வந்ததும் காவல் நிலையக் கூரையிலிருந்து ட்ரோன் கிளம்பி, வண்டிக்கு முன்னரே இடத்தைச் சேர்கிறது. அழைப்பு, பறத்தல், திரும்பல் என்று இதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பறந்த பாதைகளை நகரம் இணையத்தில் வெளியிடவும் செய்கிறது. ஆனாலும் எடுத்த காணொளிகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியுமா என்ற வழக்கு மூண்டது. அவை அனைத்தும் விசாரணைப் பதிவுகள், ஒட்டுமொத்தமாக மறுக்கலாம் என்ற வாதத்தை 2023 டிசம்பரில் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்தது வேறு வகை. அங்கே 2020-ல், ஆள் ஓட்டும் சிறு விமானங்கள் பகல் வேளையில் நகரின் பெரும்பகுதியைத் தொடர்ந்து படமெடுத்தன. இரவில் பறக்காததால் ஒருவரை நாள்தோறும் பின்தொடர முடியாது என்று காவல் துறை வாதிட்டது. 2021 ஜூனில் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மக்கள் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி அதே வீட்டுக்குத் திரும்புவதால், இடைவெளிகள் இருந்தாலும் இழையைக் கோத்துவிடலாம் என்பது தீர்ப்பின் சாரம். இடைவெளியுள்ள கண்காணிப்பே அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்றால், பெட்டிகள் வழியே இரவையும் நிரப்பக்கூடிய ஏற்பாட்டை என்னவென்று சொல்வது?

7. நம் நிலை

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்டில் வந்தன. எடைவகை, பதிவு, பறக்கும் மண்டலம், உயரம் ஆகியவற்றை அவை தெளிவாக வகுக்கின்றன. மேலிருந்து எடுத்த படத்தை யார், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் தீர்ப்பளித்தது. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளை அறிவிக்கை வழியே விலக்கிவைக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. சென்னை மாநகரக் காவல் துறை 2023-ல் அடையாறில் தனி ட்ரோன் பிரிவைத் தொடங்கியது. கடற்கரையில் கூட்டத்தைக் கவனிக்கவும் அலையில் சிக்கியவரைத் தேடவும் அது பயன்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெள்ள நாளில் மருந்து கொண்டுசெல்ல இத்தகைய நிலையங்கள் வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

எனவே அரசு தளநிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்னரே மூன்றை எழுத்தில் உறுதிசெய்யவேண்டும். ஒவ்வொரு பறத்தலுக்கும் ஒரு காரணமும் ஒரு முடிவு நேரமும் பதிவாகவேண்டும். வழக்கில் தேவைப்படாத காட்சிகள் குறித்த நாளுக்குள் அழிக்கப்படவேண்டும். பறந்த பாதை பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். பெட்டிகள் கூரைகளில் ஏறிய பிறகு இவற்றைக் கேட்டுப் பெறுவது கடினம். உங்கள் மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இப்போதே கேளுங்கள்.