தோட்டப்புற அரச பற்சிகிச்சையும் மக்கள் திருப்தியும் (லுணுகலை)
இலங்கையில் பசறைக்கும் பிபிலைக்கும் இடைப்பட்ட லுணுகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், அரச பற்சிகிச்சை பற்றிய ஜனங்களின் திருப்தி, சிகிச்சையின் தரத்தைக் காட்டிலும் அவர்களது எதிர்பார்ப்பின் அளவையே பெரிதும் சார்ந்து வந்திருக்கிறது.

1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்ட பின்னரும், தோட்ட மக்களின் ஆரோக்கியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தமையால், இலவசம் என்னும் வாக்கு மலையேறத் தாமதமாயிற்று. வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய பேர் (நாட்கூலி) விழாது என்று அஞ்சி, கிராம்பை அடக்கியே பல்வலியைப் பொறுத்தவர்களுக்கு, சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுவதே பூரண சிகிச்சையாகத் தோன்றியதில் வியப்பில்லை; அத்தகைய திருப்தியை நற்சாட்சிப் பத்திரமாகக் கொள்வது நியாயமன்று. பள்ளி சென்ற தலைமுறையோ பல்லைக் காப்பாற்றும்படி கேட்கிறது. கூட்டத்தையும், பஸ் கட்டணத்தையும், தமிழில் விளக்குவாரின்மையையும் குறையாகச் சொல்கிறது.

எதிர்பார்ப்பில் இடம்பெறாத குறையும் உண்டு. புகையிலையோடு வெற்றிலை மெல்லும் வழக்கத்தால் வாயில் தோன்றும் வெண்படலம், புற்றுநோயின் முன்னோடியாகக்கூடியதாயினும், ஆரம்பத்தில் வலிப்பதில்லை. ஆதலின் அதைப் பரிசோதிக்காத குறையை எவரும் முறையிடுவதுமில்லை.