சென்னை சிட்டி: ஒரு பாவின் கதை

2019 மார்ச் 9, சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணத்துக்குப் பஸ் ஏறக் கிளம்பினேன். அங்கிருந்து கோவைக்கு ரயில். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் அந்நேரத்துக்கே தறியில் ஏற்றும் நெடுக்கிழைகளான பாவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை அது.

"பந்தாட்டம் பாக்கவாடா கோயமுத்தூர் வரைக்கும் போற?" என்றார் அப்பா.

"இன்னிக்கு ஜெயிச்சா இந்தியாவுக்கே சாம்பியன்பா. தமிழ்நாட்டு டீம் இதுவரைக்கும் ஜெயிச்சதே இல்ல."

"சரி, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு இழையைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

நான் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. 1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கி, 2007இல் அது ஐ-லீக் ஆகி, அதுவரை கோப்பை கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் பஞ்சாபுக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் மிசோரமுக்கும் போயிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அன்று காலை சென்னை சிட்டி எஃப்.சி.யின் கையில் 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலிடம் 39. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப், முந்தைய ஆண்டின் சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. என்னைச் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாதி ஆட்டம் முடியும்வரை அந்த ஒரு கோல் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. இரண்டாம் பாதியில் சென்னை சிட்டிக்குப் பெனால்டி கிடைத்தது. பெத்ரோ மான்சி அடித்துச் சமன் செய்தார். அதன்பின் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா, கோல் போடுவது தன் வேலையே இல்லாத ஒருவர், ஒன்று போட்டார். கோழிக்கோட்டிலும் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என்று முடித்துவிட்டது. அதாவது இங்கே நழுவினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. கடைசி நொடிகளில் அதே போரா இன்னொன்று போட்டார். 3-1. 43 புள்ளி, 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். பக்கத்தில் நின்றிருந்த பெயர் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

இந்த அணியின் வயதைக் கேட்டால் இரண்டு பதில் வரும். சென்னை நகர லீகில் ஆடிவந்த கிளப் என்ற வகையில் அது 1946ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொண்டது. தொழில்முறை அணி என்ற வகையில் 2016 டிசம்பரில், ஐ-லீகில் இடம் கிடைத்தபோது பிறந்தது. இரண்டுக்கும் நடுவே சென்னைக் கால்பந்தின் பெரிய காலம் ஒன்று உண்டு. அது அலுவலக அணிகளின் காலம். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை. நன்றாக ஆடும் பையனுக்கு வேலை கிடைக்கும்; காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாதச் சம்பளம், ஓய்வூதியம். இந்தியன் வங்கி தேசிய லீகிலும் ஆடியது. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த வேலைகளால்தான். அதைக் குறைவாகப் பேசுகிறவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை.

தொழில்முறை கிளப் வேறு ஏற்பாடு. வீரருக்கு ஆட்டமே வேலை. ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது 'சென்னையின் எஃப்.சி.' என்ற அணி வந்தது. 2015இலும் 2018இலும் அந்தக் கோப்பையை வென்றது. சென்னை நேரு ஸ்டேடியம் அதன் வீடு. பெயரில் சென்னையை வைத்திருந்த சென்னை சிட்டிக்கு ஐ-லீகில் வீடாக அமைந்தது கோவையில், வ.உ.சி. பூங்காவை ஒட்டிய இன்னொரு நேரு ஸ்டேடியம். முதல் இரண்டு பருவங்களிலும் பத்து அணிகளில் எட்டாவது இடம். அந்த இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மூன்றாவது வருடம்தான் கதை. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளிலிருந்து நான்கு பேர்: மான்சி, நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரொத்ரிகேஸ், ரொபெர்த்தோ எஸ்லாவா. அவர்கள் ஊரிலும் பெரிய பெயர் இல்லாதவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், ரெஜின் மைக்கேல், பிரவிட்டோ ராஜு என்று நம் பையன்கள். 2018 அக்டோபரில் இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்று தொடங்கினார்கள். மான்சிக்கு முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்; பருவம் முடியும்போது 21.

அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோர்வைதான் நினைவுக்கு வரும். தறி வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறென்ன வரும்? காஞ்சிபுரம் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். இரண்டு பக்கக் கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடும். நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் அமர்ந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளித்தர வேண்டும். சின்ன வயதில் அந்தத் துணை நான்தான். உடலின் குறுக்கிழையான ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்வித் திரும்பும் இடம்தான் கோர்வை. அங்கே கை பிசகினால் ஓட்டை விழும். சரியாக விழுந்தால் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். சாந்த்ரோவிடமிருந்து ரொமாரியோவுக்குப் பந்து போகும். ரொமாரியோ ஓரமாக ஓடி மான்சிக்குத் திருப்புவார். எந்த ஊர் நூல் எங்கே முடிந்து எது தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது.

2019 தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு நல்ல ஆண்டு. ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில் சென்னை சிட்டி பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தை எடுத்தது. ஒரே பருவத்தில் ஆண்கள் ஐ-லீகும் மகளிர் லீகும் ஒரே மாநிலத்துக்கு. ஜூலையில் காஞ்சிபுரத்தில் நாற்பது ஆண்டுக்குப் பிறகு அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார். 48 நாள் ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் தெருவிலேயே நடக்க இடமில்லை. ஏறக்குறைய அந்த நாட்களில்தான் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் சென்னை சிட்டியில் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. ஐரோப்பியக் கிளப் ஒன்று நம் ஊர் அணியை நம்பி முதல் போடுகிறது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்டோபரில் தீபாவளிக்கு 'பிகில்' படம் வந்தது. கற்பனையான ஒரு தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணிக்காகத் திரையரங்குகள் அதிர்ந்தன. படம் பார்த்துவிட்டு வந்த பையன்களிடம் சேது எஃப்.சி. பற்றியும் சென்னை சிட்டி பற்றியும் சொன்னேன். இரண்டையும் அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. அது என்னை உண்மையிலேயே வருத்தியது.

அதே அக்டோபரில்தான் இந்தியக் கால்பந்தின் வரிசை மாறியது. ஐ.எஸ்.எல். முதல் இடத்துக்கு வந்தது. ஐ-லீக் கீழே இறங்கியது. ஐ-லீக் சாம்பியன் என்ற தகுதியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றுக்குப் போன கடைசி அணி சென்னை சிட்டி. 2020 ஜனவரி 14, நம் வீடுகளில் போகி. அகமதாபாத்தில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். அந்த மாதமே மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாடாவுக்குப் போனார். கோர்தியோ அதற்கு முன்பே ஹைதராபாத் போயிருந்தார், எட்வின் சென்னையினுக்கு. மார்ச் 11 அன்று சென்னையில் மாலத்தீவின் மாசியா அணியுடன் ஆசியக் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டம், 2-2. சில நாட்களில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த ஆண்டின் ஏ.எஃப்.சி. கோப்பையே கைவிடப்பட்டது.

2020-21 பருவம் கொல்கத்தாப் பக்கம் மூடிய வளையத்துக்குள் நடந்தது. கோவையில் ஆட்டமே இல்லை. பிறகு வந்தது உரிமச் சிக்கல். ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் முறைப்படி ஒரு கிளப் ஐந்து விஷயங்களில் தேற வேண்டும்: இளையோர் அணிகள், மைதானம், நிர்வாக ஆட்கள், சட்ட ஆவணங்கள், நிதி. கோப்பைக்கு அதில் மதிப்பெண் கிடையாது. 2021-22 ஐ-லீகுக்கான உரிம விதிகளைச் சென்னை சிட்டி நிறைவு செய்யவில்லை, இடம் போனது. பட்டம் வென்று மூன்று ஆண்டு முடிவதற்குள் அட்டவணையில் பெயர் இல்லை.

பட்டுத் தறியில் ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கு வரும். மூன்றாவது சேலையை அறுத்து எடுத்த பின் பாவின் முனையை முழுவதும் உருவிவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கொஞ்சம் நீளத்தை விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் பழைய முனையின் ஒவ்வோர் இழையோடு விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். சேலையில் அந்த வேலை தெரியாது. யாரும் அதைப் பார்த்து விலை கேட்பதில்லை. அது நடக்காவிட்டால் எத்தனை நல்ல நெசவாளி உட்கார்ந்தாலும் தறி ஓடாது. உரிமத்தின் அந்த ஐந்து அம்சங்களைப் படித்தபோது எனக்கு இந்த வேலைதான் கண்முன் வந்தது. பதினைந்து வயதுப் பையன்களின் அணி, அவர்களுக்கு மாலையில் ஒரு மைதானம், கணக்குப் புத்தகம். 2019இல் கோவையில் அழுத எங்களில் ஒருவரும் அவற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஜெயித்த அணியைக் கொண்டாடத் தெரிந்த அளவுக்கு அதைத் தாங்கிப்பிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

பையன்கள் ஆட்டத்தை விடவில்லை. ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கும் அஜித் பெங்களூருவுக்கும் போய், 2022இல் இருவரும் சென்னையினுக்கு வந்து சேர்ந்தார்கள். எட்வின் அங்கேயே இருந்தார். சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஒரு மாலை ஆட்டத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போனேன். அவர் பார்க்கும் முதல் கால்பந்து ஆட்டம். நீலச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகக் காட்டினேன்.

"கோயமுத்தூர்ல ஆரஞ்சு சட்டை போட்டிருந்த பசங்களா இவங்க?"

"ஆமாம்பா. அந்த மூணு பேர்."

"மத்தவங்க?"

அப்போது பந்து எங்கள் பக்கத்து ஓரத்துக்கு வந்தது. அப்பா எழுந்து நின்று பார்த்தார்.